மலைக்குளிருக்கு ஏரி மீன் சூப்

மார்கழி, தை இரண்டு மாதமும் கொட்டச்சேட்டில் மாலை ஐந்தரை மணிக்கே கதவைச் சாத்திவிட வேண்டியிருக்கிறது. பனி இறங்கிவிடும். காப்பித் தோட்டத்துப் பக்கமிருந்து வரும் காற்று நேராக முழங்காலைத் தேடி வந்து பிடிக்கும். சேர்வராயன் மலைக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இந்தக் குளிரில் நம்மைப் போன்ற வயதானவர்கள் இரவுக்கு என்ன சாப்பிடுகிறோம் என்று பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. பாதி வீடுகளில் இரண்டு ரஸ்க்கும் ஒரு டம்ளர் பாலும். மீதியில் பொட்டலத்தைக் கிழித்து வெந்நீரில் கரைத்த சூப். பிள்ளைகள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கு எதற்கு அடுப்பு மூட்டுவது என்ற சலிப்பு. பசியும் குறைந்துவிட்டது, பல்லும் சரியில்லை. தை முடிவதற்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிடுகிறது, மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்கிறோம்.

வயது பாதி, ரஸ்க் பாதி என்பது என் கருத்து. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது ஏறக்குறைய 50 கிராம். ரஸ்க்கும் டீயும் இந்தக் கணக்கில் எங்கே நிற்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்காலத்தில் வாரம் இரண்டு இரவாவது வீட்டில் மீன் சூப் வைக்க வேண்டும். அதுவும் வஞ்சிரத்தில் அல்ல. மேட்டூர் ஏரி மீனின் தலையில் வைக்க வேண்டும்.

புதுச்சேரியில் பிறந்து, கடல் மீனில் வளர்ந்த ஆள் இப்படிச் சொல்வதைக் கேட்டு நண்பர்கள் சிலர் சிரிக்கிறார்கள். "கடல் மீன் தின்ற நாக்கு ஏரி மீனைத் தொடுமா சார்?" என்று கேட்கிறார் பக்கத்துத் தோட்டத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வஞ்சிரம் வந்தாக வேண்டும். நான் கேட்பது வேறு. அந்த வஞ்சிரம் எப்போது பிடித்தது?

சேலத்துக்குக் கடல் கிடையாது. புதுச்சேரியிலிருந்து சேலமே 200 கிலோமீட்டருக்கு மேல். படகில் எத்தனை நாள் ஐஸில் கிடந்தது, லாரியில் எத்தனை மணி நேரம், கடையில் எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் மலை ஏறுகிறது. வறுத்தால் மசாலா எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். குழம்பில் புளி மறைத்துவிடும். சூப் மட்டும் எதையும் மறைக்காது. பழைய மீனில் சூப் வைத்தால் மூடியைத் திறந்தவுடன் வீடு முழுக்கத் தெரிந்துவிடும். 2018 ஜூன் மாதம் கேரளத்து உணவுப் பாதுகாப்புத் துறை 'ஆபரேஷன் சாகர் ராணி' என்று பெயர் வைத்துச் சோதனை நடத்தி, ஃபார்மலின் கலந்த மீனை டன் கணக்கில் எல்லையிலேயே பிடித்தது நினைவிருக்கும். எல்லாக் கடல் மீனும் அப்படி என்று சொல்லவில்லை. வழி நீளமானால் சந்தேகமும் நீளமாகிறது, அவ்வளவுதான்.

மேட்டூரோ சேலத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். 1934-இல் கட்டி முடித்த அணை. 120 அடி கொள்ளும் ஸ்டான்லி நீர்த்தேக்கம். விடியற்காலை வலையில் ஏறிய கட்லா மதியத்துக்குள் மலைக்கு வந்துவிட முடியும். ரோகு, கெளுத்தி, வாளை, ஜிலேபி எல்லாம் அப்படித்தான். பெட்டி கட்டிய மொபெட்டில் நம் பக்கம் வரும் மீன்காரர் கொண்டுவருவதும் பெரும்பாலும் இவைதான். செவுளைத் தூக்கிப் பாருங்கள், சிவப்பாக இருக்க வேண்டும். கண் குழி விழாமல் பளபளவென்று இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் சதை திரும்பி எழ வேண்டும். இந்த மூன்று சோதனையிலும் நம் மலையில் தேறுவது ஏரி மீன்தான்.

ஏரி மீன் நம்ம மீன் இல்லை என்று இன்னொரு பேச்சு உண்டு. கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள். தெற்கே உள்ள நீர்நிலைகளில் கொண்டுவந்து விட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-இல்தான் இந்தியாவுக்கு வந்தது. உண்மைதான். ஆனால் இந்த மலையில் காப்பியே 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்டதுதானே? அதை நாம் வேண்டாம் என்றா சொல்கிறோம்? தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் எந்த ஊரிலிருந்து வந்தன?

சரி, ஏரி மீனில் குறையே இல்லையா? இரண்டு குறைகள் உண்டு. அவற்றை மறைத்துப் பேசினால் நியாயமாகாது.

முதலாவது சேற்று வாடை. இதற்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற ஒரு பொருள். நீரிலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டாக்குகின்றன. புதுமழை பெய்ததும் மண்வாசனை என்று மூக்கை நீட்டி இழுக்கிறோமே, அதே பொருள்தான். மண்ணில் வந்தால் வாசனை, மீனில் வந்தால் வாடை. புளிப்பு பட்டால் இது அடங்கிவிடும். கல் உப்பும் மஞ்சளும் போட்டு உரசிக் கழுவி, பிறகு நீர்த்த புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ பத்து நிமிடம் ஊற வைத்தால் போதும். நம் பாட்டிமார்கள் மீனுக்குப் புளி சேர்த்தது நாக்குக்காக மட்டும் இல்லை.

இரண்டாவது முள். ரோகுவிலும் கட்லாவிலும் நடுமுள்ளைத் தவிர, சதைக்குள்ளே கவட்டை மாதிரி நுண்முள்கள் இருக்கும். கண் மங்கி, பல்செட் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. தொண்டையில் முள் சிக்கினால், இரவு நேரத்தில் மலைப்பாதையில் வண்டி பிடித்து இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பயந்து மீனையே விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர். அவர்களுக்காகவே சொல்கிறேன். குழம்பாகத் தின்றால்தான் முள் சிக்கும். சூப்பை வடிகட்டித்தானே குடிக்கிறோம்? ஏரி மீனை விட்டுவிடச் சொல்லும் அதே காரணம் ஏரி மீன் சூப்புக்குப் பொருந்தாது.

மலைவாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இதை நான் பெரிய காரணமாகவே நினைக்கிறேன். கீழே சேலத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 100 டிகிரியில் கொதிக்கும். ஏற்காடு போல 1,500 மீட்டர் உயரத்தில் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. துவரம்பருப்பு வேக மாட்டேன் என்று அடம்பிடிப்பது அதனால்தான். ஆட்டுக்கால் சூப் வைத்தால் குக்கர் விசில் எண்ணி எண்ணிக் களைத்துப்போவோம். மீன் அப்படியில்லை. மீனின் தோலிலும் எலும்பிலும் உள்ள பசை, ஆட்டின் பசையைவிடக் குறைந்த சூட்டிலேயே கரைந்து இறங்கிவிடும். 20 நிமிடம், மிஞ்சினால் 25. அதற்குமேல் கொதித்தால் கசப்புத்தான் இறங்கும். மலைத்தண்ணீருக்கும் மீன் தலைக்கும் நல்ல பொருத்தம். கேஸும் மிச்சம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். அதனால் ஒரு சின்ன விஷயம் சொல்ல இடம் இருக்கிறது. பிரெஞ்சில் இரவுச் சாப்பாட்டுக்கு 'சூப்பே' என்று ஒரு பழைய சொல் உண்டு. அது 'சூப்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரொட்டியை நனைத்துக் குடிக்கும் சூப்தான் அவர்களுடைய குடியானவர்களின் இரவுச் சாப்பாடு. ஹோட்டலில் பிரியாணிக்கு முன்னால் ஒரு கிண்ணத்தில் கொடுக்கிறார்களே, அந்த நினைப்பில் சூப்பை முன்னோட்டமாகவே வைத்திருக்கிறோம். அல்லது நோயாளிக்குக் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். வயதானவர்களுக்கு அதுவே முழுச் சாப்பாடாக இருக்கலாம் என்பது என் வாதம்.

பிரெஞ்சுக்காரர்களின் மீன் சூப்புகளில் பேர் பெற்றது மார்சேய் துறைமுகத்துப் புய்யாபேஸ். வலையில் வந்து விலை போகாத, முள்ளும் தலையுமான பாறை மீன்களை மீனவர்கள் தங்களுக்கென்று ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்ததுதான் அதன் பிறப்பு. பெயரிலேயே செய்முறை இருக்கிறது: 'கொதிக்கட்டும், பிறகு தணி' என்று அர்த்தம் சொல்வார்கள். பின்னால் பெரிய ஹோட்டல்களுக்குப் போய் விலை ஏறியது. 1980-இல் மார்சேய் உணவகக்காரர்கள் சிலர் கூடி, எந்தெந்த மீன் போட்டால் அது புய்யாபேஸ் என்று சாசனமே எழுதினார்கள். விற்காத மீனில் பிறந்த சூப்புக்கு மீன் பட்டியல் வந்துவிட்டது! எனக்கு அந்தச் சாசனத்தைவிட அந்த மீனவரின் பாத்திரத்தின்மேல்தான் மரியாதை.

நம்மிடம் அது இல்லை என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து ஒடியல் கூழ் இருக்கிறது. மீன் தலை, நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் சேர்ந்து கொதித்து, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் கெட்டியாகும். புளியும் செத்தல் மிளகாயும் போட்டு, பனையோலைப் பிளாவில் ஊற்றி வீடே கூடியிருந்து குடிப்பார்கள். வடக்கே வங்காளிகளுக்கு ரோகுத் தலை என்றால் உயிர். அரிசியோடு சேர்த்துச் சமைக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். வெள்ளைக்காரன் நம் மிளகுத்தண்ணியைத்தான் 'முல்லிகட்டானி' என்று தன் மேசைக்குக் கொண்டுபோனான். இதில் எங்கேயும் பொட்டலத்துக்கு வேலை இல்லை. அந்தந்த ஊரில் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். மலையில் கிடைப்பதை நாமும் போட வேண்டியதுதான். மிளகு நம் சில்வர் ஓக் மரத்திலேயே படர்ந்து காய்க்கிறது. சாமையும் கேழ்வரகும் மலை ஊர்களில் கிடைக்கின்றன. வேறென்ன வேண்டும்?

இனி செய்முறை. இரண்டு பேருக்கு, இரவுச் சாப்பாடாகவே சொல்கிறேன்.

கட்லாத் தலை ஒன்று, கழுத்துச் சதையோடு அரைக் கிலோ அளவில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்லாவுக்குத் தலை பெரிது, அதுதான் நமக்கு லாபம். மீன்காரரிடமே இரண்டாகப் பிளந்து தரச் சொல்லுங்கள். செவுளை முழுக்க எடுத்துவிட வேண்டும். சூப் கசப்பதற்கும் கறுப்பதற்கும் முக்காலும் அதுவே காரணம். உள்ளே ஒட்டியிருக்கும் ரத்தத்தையும் கழுவிவிட்டு, மேலே சொன்னபடி உப்பு, மஞ்சள், புளித்தண்ணீர்.

ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், அரைத் தேக்கரண்டி சோம்பு மூன்றையும் வெறும் சட்டியில் லேசாக வறுத்து, அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். மிக்ஸியில் மாவாக்கினால் சூப் கலங்கிவிடும். அடி கனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, பத்துப் பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு, ஒரு விரல்கணு இஞ்சி எல்லாவற்றையும் நசுக்கிப் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல ஆனதும் இரண்டு தக்காளி, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தண்டு. இலையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தக்காளி கரைந்ததும் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள். தண்ணீர் கொதித்த பிறகு தலையைப் போடுங்கள். ஒரு கொதி வந்ததும் அடுப்பைத் தணித்துவிட வேண்டும். மேலே மிதக்கும் நுரையைக் கரண்டியால் எடுத்து எறியுங்கள். மூடியை முழுக்க மூடாமல் 20 நிமிடம்.

பிறகு தலையைத் தனியே எடுத்து வையுங்கள். சாற்றை மெல்லிய கண் உள்ள வடிகட்டியில் ஊற்றி வடியுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் மல்துணியில் வடிப்பது இன்னும் நல்லது. தலை ஆறியதும் கன்னத்திலும் கழுத்திலும் இருக்கும் சதையை, நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கன்னத்துச் சதையில் முள் குறைவு. கழுத்துச் சதையில் சந்தேகம் வந்தால் அந்தத் துண்டை விட்டுவிடுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். எடுத்த சதையையும் தட்டிய மிளகுப் பொடியையும் வடித்த சாற்றில் சேர்த்து, நாலு கரண்டி குழைய வேகவைத்த சாமைச் சோற்றை மசித்துக் கலக்குங்கள். சாமை இல்லையென்றால் ஒரு உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துப் போடலாம். சோளமாவு மட்டும் வேண்டாம். அது கெட்டியாகக் காட்டுமே தவிர வயிற்றுக்கு ஒன்றும் தராது. ஒரு கொதி வந்ததும் இறக்கி, கொத்தமல்லி தூவி, அரை மூடி எலுமிச்சை. உப்பு கடைசியில்தான், அதுவும் கையை இழுத்துப் பிடித்து.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பை நிறுத்தச் சொல்கிறது. ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. நம்மில் பாதிப் பேர் ரத்த அழுத்த மாத்திரை போடுகிறவர்கள். பொட்டல சூப்பின் முதுகில் அச்சடித்திருக்கும் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை படியுங்கள். மாவு எத்தனையாவது இடத்தில், உப்பு எத்தனையாவது இடத்தில், காய்கறி எங்கே பதுங்கியிருக்கிறது என்று பாருங்கள். வீட்டு சூப்பில் மிளகும் பூண்டும் எலுமிச்சையும் இருப்பதால் உப்பு பாதி போதும். நாக்கு கேட்காது.

இன்னொன்று. எலும்பு சூப் குடித்தால் எலும்பு வலுக்கும் என்று சொல்லிக்கொண்டு வெறும் சாற்றை மட்டும் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். 20 நிமிடத்தில் எலும்பின் சுண்ணாம்பு தண்ணீரில் இறங்கிவிடாது. சாறு சூட்டையும் ருசியையும் தரும். பலம் இருப்பது சதையில்தான். கட்லாச் சதை 100 கிராமில் 18, 19 கிராம் புரதம் இருக்கிறது. அதனால்தான் சதையை எடுத்துச் சூப்பிலேயே போடச் சொன்னேன். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். மற்றவர்களுக்குத் தடை இல்லை.

பணத்தையும் பார்ப்போம். ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்களுக்கு வஞ்சிரம் விலை தெரியும். கட்லாத் தலையைப் பல இடங்களில் எடை போடும்போது விலையைக் குறைத்தே கொடுக்கிறார்கள், ஏனென்றால் வாங்குகிறவர்கள் நடுத்துண்டத்தைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் நான் தலை கேட்டபோது மீன்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைங்களா? சுற்றுலா வர்றவங்க எல்லாம் முள்ளில்லாத துண்டுதான் கேக்கறாங்க. தலையை யாருங்கய்யா கேக்கறாங்க?" என்றார். தலை மீந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கொட்டறதுதானுங்க" என்றார். மேட்டூரில் விடியுமுன் பனியில் பரிசலில் போய் வலை இழுத்தவர் ஒருவர். அதை இவ்வளவு தூரம் சுமந்து வந்தவர் ஒருவர். கடைசியில் மீனில் நமக்கு மிகவும் உதவக்கூடிய பாகம் குப்பைக்குப் போகிறது. நம் வீட்டிலோ ரஸ்க்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை வண்டி மணி அடித்தால் வாசலுக்குப் போய்த் தலை இருக்கிறதா என்று கேளுங்கள். நாலு வீட்டில் கேட்டால் அவர் கொட்டாமல் கொண்டுவருவார். தனியாக இருப்பவர்கள் பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேரலாம். ஒரு தலையில் இரண்டு பேருக்கு வரும், பெரிய தலையென்றால் நாலு பேருக்கும் வரும். முள் எடுக்கக் கண் போதாதவர்களுக்குக் கண் உள்ளவர் எடுத்துத் தரலாம். ரைட்டர் ஐயாவுக்குச் சென்ற வாரம் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினேன். ஏரி மீன் என்று சொல்லித்தான் கொடுத்தேன். தூக்கு கழுவித் திரும்பி வந்தது. கருத்து இன்னும் வரவில்லை.